லைனிங் கொடுத்த லெக்கின்ஸ்

போன வருடம் மார்கழி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு இது ஆரம்பித்தது. செந்துறை கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். பெரம்பலூரில் கல்லூரி படிக்கும் என் மகள் போனில் ஒரு பட்டியலைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். இமாச்சலப் பிரதேசத்தில் பனிமலை ஏறும் பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்குக் கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியல் அது. பூட்ஸ், கோட்டு, தூங்கும் பை எல்லாம் அங்கேயே கொடுத்துவிடுவார்களாம். நாம் வாங்க வேண்டியதில் முதல் வரியே, பெண்களுக்கான மெரினோ கம்பளி லெக்கின்ஸ், உள்ளே அணிவது, இரண்டு என்று இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "சத்தம் போடுற டைலரம்மா" என்று கேட்டால் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அளவு ரவிக்கை கொண்டுவராமல் 'சும்மா பாத்துத் தைங்க' என்கிறவர்கள் மேல் கோபம். தைத்து முடித்த பிறகு கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்கிறவர்கள் மேல் கோபம். ஆனால் நான் சொல்லப்போகிற இந்த விஷயத்தில் எனக்கு வந்த கோபங்களில் பாதிக்கு மேல் தப்பான ஆள் தலையில் போய் விழுந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கோபம் சொந்தக்காரர்கள் மேல். பொட்டைப் பிள்ளையைப் பனிமலைக்கு அனுப்பி என்ன சாதிக்கப் போகிறாய் என்று என் நாத்தனார் வீட்டில் ஆரம்பித்து ஆளாளுக்குக் கேட்டார்கள். பதினைந்து நாள் முகாம். கடைசியில் உச்சி வரைக்கும் ஏறி இறங்கினால் சான்றிதழ் தருவார்கள். அது கையில் இருந்தால் அடுத்த பெரிய பயிற்சிக்குப் போகலாம், பிறகு போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யும்போதும் உதவும் என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள். தினமும் விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரையில் ஓடிய பெண் அவள். அந்தச் சான்றிதழ் அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். யார் வந்து என்ன சொன்னாலும் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நீ முடிவு பண்ணிட்டியில்ல, அப்பறம் என்ன" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊரில் குளிர் என்றால் விடிகாலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான். அதற்கு மேல் ஒரு குளிர் இருப்பதை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் குளிருக்கு ஒரு லெக்கின்ஸ் வாங்க அரியலூருக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கம் லெக்கின்ஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். டாப்ஸுக்குக் கீழே போடுகிற காட்டன் லெக்கின்ஸ். சுவர் முழுக்க வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் கடையில் போய், "கம்பளியில லெக்கின்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டேன். அங்கே நின்ற பெண் உள்ளே திரும்பி, "அக்கா, போர்வைத் துணியில லெக்கின்ஸ் கேக்கறாங்க" என்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடைக்காரர் சிரிக்கவில்லை. உள்ளே பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருக்கும் தடித்த லெக்கின்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "ஒரிஜினல் உல்லன்மா, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் துணியோடு இருபது வருடமாகக் கிடக்கிறவள். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். ஆட்டு ரோமம் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், விரலால் தொட்டால் பொடியாக உதிரும். இது உருகிச் சொட்டி, மணி மாதிரி இறுகிப் போனது. "இது உல்லனா, பிளாஸ்டிக் பக்கெட்டா?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், கடைக்குள் நெருப்பு வைக்கிறேன் என்று கத்தினார். நானும் கத்தினேன். அரியலூரில் அன்றைக்கு அதற்கு மேல் எந்தக் கடையும் ஏறப் பிடிக்கவில்லை.

மறுநாள் பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் பயணப் பை, மழைக்கோட்டு, ஓடுகிற ஷூ எல்லாம் விற்கிற ஒரு சின்னக் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் இளைஞர், முப்பத்தைந்து வயது இருக்கும். பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தார். சிரிக்கவில்லை, இருக்கிறது என்று பொய்யும் சொல்லவில்லை.

"நம்மகிட்ட இல்லக்கா. வெளியூர்லேர்ந்து வரவழைச்சுத் தரேன். இன்ஷா அல்லாஹ், வர்ற சனிக்கிழமைக்குள்ள வந்துரும்" என்றார். பிறகு அளவு வேண்டும் என்று சொல்ல வந்தவர் கூச்சப்பட்டுக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஷூ அடுக்கப் போய்விட்டார். மகளின் இடுப்பு, தொடை, உயரம் எல்லாம் நானே எழுதினேன். மரியாதை தெரிந்த ஆள் என்று அப்போது நினைத்தேன்.

சொன்னபடி சனிக்கிழமை வந்திருந்தது. இரண்டு தடிமனில், இரண்டு அளவில் வரவழைத்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டும் என்றேன். அவரே தீப்பெட்டி கொடுத்தார். சுத்தமாக முடி கருகும் வாசனை. பிறகு தையலைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தத் தையலை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உள்பக்கம் மடிப்பே தடிக்கவில்லை. தட்டையாக, கையால் தடவினால் தெரியாத மாதிரி தைத்திருந்தார்கள். இரண்டு காலும் சேரும் இடத்தில், கால் அகட்டி ஏறும்போது கிழியாமல் இருக்கத் தனியாக ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். குனிந்தாலும் முதுகு தெரியாதபடி பின்பக்கம் உயரமாக வெட்டியிருந்தார்கள். இடுப்புப் பட்டி அகலமாக, அழுத்தாமல் இருந்தது. வெட்டத் தெரிந்த யாரோ வெட்டியது.

ஆனால் துணி மெல்லிசு. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் என் விரல்கள் தெரிந்தன. பனிமலைக்கு இதுவா என்று கேட்டேன். உள்ளே போடுவது இது, மேலே தடித்த பேண்ட் அங்கே தருவார்கள் என்று அவர் சொன்னார். மெரினோ என்பது ஒரு வகை ஆட்டின் ரோமம், ரொம்ப மெல்லிய இழை, மற்றக் கம்பளி மாதிரி உடம்பில் குத்தாது என்றும் சொன்னார். நாங்கள் செம்மறி ஆடு வளர்த்த குடும்பம். ஆட்டு முடி குத்தாதாம், எனக்கே வந்து பாடம் எடுக்கிறார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். தடிமனில் கூடியதிலேயே இரண்டு எடுத்தேன். அளவில் பெரியதைக் கேட்டேன்.

"சின்னதுதான் சரிக்கா. ஒடம்போட ஒட்டி நிக்கணும். தொளதொளன்னு இருந்தா பிரயோஜனம் இல்ல" என்றார்.

"தோச்சா சுருங்கும். எனக்குத் தெரியும், பெருசு குடுங்க."

அவர் பெரியதையே எடுத்து வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அக்கா, ஒண்ணு சொல்லணும். இதுக்கு உள்ள வந்து... பாப்பா வேற ஒண்ணும் போடாம..."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எம் பொண்ணு உள்ள என்ன போடணும் போடக் கூடாதுன்னு நீ யாருய்யா சொல்றதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப் போனது. வாயை மூடிக்கொண்டு, இரண்டு லெக்கின்ஸையும் மடித்து உறையில் போட்டு, கூடவே வந்திருந்த ஆங்கிலக் காகிதத்தையும் செருகிக் கொடுத்தார். எல்லா ஆம்பளைகளும் ஒரே ரகம் என்று பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துணியை என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது கொடைக்கானல் போனோம். அங்கே வாங்கிய கம்பளிக் குல்லாய் நெற்றியெல்லாம் சிவக்க வைத்துவிட்டது. அதுவே இடுப்பிலும் தொடையிலும் வந்தால், மலை மேல் அந்தப் பெண் எங்கே போய்ச் சொறிந்துகொண்டு நிற்பாள்? துணி மெல்லிசு, கம்பளி வேறு. இரண்டுக்கும் என் கையில் ஒரே வைத்தியம் இருந்தது.

ரவிக்கை தைக்கிறவர்களுக்கு லைனிங் என்பது ஒரு நம்பிக்கை. துணி மெல்லிசா, லைனிங் கொடு. உடம்பில் உறுத்துமா, லைனிங் கொடு. தைத்தது எடுப்பாக நிற்க வேண்டுமா, அதற்கும் லைனிங். நல்ல திருப்பூர் பனியன் துணி, தொட்டால் குழந்தை கன்னம் மாதிரி இருக்கும் காட்டன் துணி என்னிடம் இருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, இரண்டு லெக்கின்ஸுக்கும் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் உள்ளே லைனிங் வைத்துத் தைத்தேன். இழுத்தால் கூடவே இழுபட வேண்டும் என்று துணியின் இழுவை பார்த்து வெட்டினேன். பிரிந்துவிடக் கூடாது என்று இரட்டைத் தையல் போட்டேன். அளவு பெரியதாக வாங்கியது எவ்வளவு நல்லது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனி ஞாயிறுக்கு வந்த மகள் போட்டுப் பார்த்தாள். "மெத்துன்னு இருக்கும்மா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா லிஸ்ட்ல காட்டன் எடுத்துட்டு வராதீங்கன்னு போட்டிருக்கே" என்றாள்.

"அது காட்டன் பேண்ட்டச் சொல்றாங்கடி. இது லைனிங். பேண்ட் வேற, லைனிங் வேற."

சிரிக்க வேண்டாம். தையல்காரிக்கு அப்படித்தான் தோன்றும். ரவிக்கையைப் பட்டு ரவிக்கை என்றுதான் சொல்வோமே தவிர, உள்ளே காட்டன் இருப்பதால் காட்டன் ரவிக்கை என்று யாரும் சொல்வதில்லை. லைனிங்கைத் துணியாகவே நாங்கள் நினைப்பதில்லை. மகள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இருபது வருஷமா நான் என்ன புடுங்கிட்டா இருக்கேன்?" என்றேன். "சரிம்மா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மார்கழி முதல் வாரம் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டோம்.

முகாம் போன பதினோராவது நாள், காலை பத்து மணி இருக்கும். கடையில் இருந்தேன். மகளிடமிருந்து போன்.

"அம்மா, பதறாத, நான் இப்ப நல்லாருக்கேன். நேத்து மலையில குளிர் தாங்காம ஒரு மாதிரி ஆயிட்டேன். ரூமுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. லெக்கின்ஸ்..." அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தூக்கிக்கொண்டு வந்தார்களாம் என் பிள்ளையை. நடக்க முடியாமல் போயிருக்கிறது. எனக்குப் பயம் வந்தது. ஆனால் பயம் என்னிடம் ரொம்ப நேரம் பயமாகவே இருக்காது, கோபமாக மாறிவிடும். விரல் தெரிகிற அந்தத் துணியும், பெரியது வேண்டாம் என்று சொன்ன அந்த ஆளும்தான் கண் முன்னால் நின்றார்கள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இரு, முழுசா கேட்டுட்டு அப்பறம் பேசு" என்றார். அவரையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கடையை அப்படியே போட்டுப் பூட்டினேன். அரியலூர் போய், அங்கிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை.

"சல்லடையக் குடுத்து அனுப்பிட்டு இங்க நிம்மதியா ஒக்காந்து வியாபாரம் பண்றியா? எம் புள்ளயத் தூக்கிட்டு வந்துருக்காங்கய்யா! செத்துப் போயிருந்தா நீயா வந்து குடுப்ப?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அவருடைய மார்க்கத்தை இழுக்கவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. மற்றபடி ஒரு மனிதனை நாலு பேர் முன்னால் எவ்வளவு கேவலப்படுத்தலாமோ அவ்வளவும் செய்தேன். பெட்டி பார்த்தவர்கள் பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் "பாப்பா இப்ப எப்டிக்கா இருக்காங்க?" என்று கேட்டார்.

"உசிரோட இருக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடித் திறந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மொதல்ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பதிலுக்கு அவரும் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் அழைத்தாள். போனை மேசைமேல் சாய்த்து வைத்தேன். குல்லாயும் போர்வையுமாக, உதடு வெடித்துப்போய் ஒரு முகம். ஆனால் சிரித்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது இதுதான். முந்தின நாள் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் ஏறியிருக்கிறார்கள். அந்தக் குளிரிலும் ஏறும்போது உடம்பு வேர்க்குமாம். மேலே போய் ஓய்வுக்கு உட்கார்ந்ததும் காற்று அடிக்க ஆரம்பித்திருக்கிறது. மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இவளுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருக்கிறது. பிறகு உடம்பு தூக்கிப் போட்டிருக்கிறது. பேச நினைத்தால் நாக்கு குழறியதாம். பயிற்சி தரும் மேடம் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால், உள்ளே தொடையோடு ஒட்டிக்கொண்டு ஒரு துணி சொட்டச் சொட்ட ஈரம்.

"லைனிங்மா. வேர்வையெல்லாம் லைனிங் குடிச்சிருச்சு. காட்டன் காயவே காயாதாம். கம்பளி மட்டும் தோல்ல பட்டிருந்தா நனஞ்சாலும் சூடு இருக்குமாம். மாத்திக்கலாம்னு இன்னொண்ண எடுத்தா, அதுலயும் லைனிங். பிரிக்கப் பாத்தாங்க. உன் தையல் பிரியவே இல்லம்மா. கத்தரியால கிழிச்சு எடுத்துட்டுத்தான் போட்டு விட்டாங்க."

அப்போது அந்த மேடம் பக்கத்தில் வந்து, நீளமான ஒரு துணியைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாக இருந்த என் பனியன் துணி பழுப்பாகத் தொங்கியது. ஹிந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கோபம் எந்த மொழியில் வந்தாலும் எனக்குப் புரியும்.

போனை அணைத்தேன். கடையில் எல்லாரும் கேட்டிருந்தார்கள். கடைக்காரர் லைனிங் விஷயத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டார். இப்போது அவர் என்னைத் திட்டலாம். அதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அவரோ, "நான் அன்னிக்கே தெளிவாச் சொல்லியிருக்கணும்க்கா. நேராத் தோல்ல படணும், உள்ள வேற துணி இருக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தேன். பொம்பளைங்ககிட்ட எப்டிச் சொல்றதுன்னு தெரியாம முழுங்கிட்டேன். தப்பு எம்மேலதான்" என்றார்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுந்து நடந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவர் மேல் ஒரு புதுக் கோபம் வந்தது. தப்பே செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்கிறான்? என் தப்பை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? அப்படியெல்லாம் ஓடியது என் புத்தி.

மறுநாள் கடை திறந்தபோது, மிஷினுக்கு மேலே ஆணியில் நான் குத்தி வைத்திருந்த ஒரு காகிதம் கண்ணில் பட்டது. பின்பக்கம் யாருடைய ரவிக்கைக்கோ அளவு எழுதியிருந்தேன். திருப்பிப் பார்த்தேன். லெக்கின்ஸ் உறையில் அவர் செருகிக் கொடுத்த அதே காகிதம். ஒரு காலின் படம், தோலின் மேல் ஒற்றை வரியாகத் துணி. ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள எழுத்தே தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது.

மகள் திரும்பி வந்தாள். இளைத்திருந்தாள், அவ்வளவுதான், கடவுள் புண்ணியத்தில் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சான்றிதழ் இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளை உச்சிக்கு ஏற விடவில்லை. முகாமில் கலந்துகொண்டதாக மட்டும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாணவி அறிவுரையை மீறித் தன் உடையைத் தானே மாற்றித் தைத்துக்கொண்டார், பொறுப்பு போதாது என்று அர்த்தம் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எங்கடி தச்ச? ஊசியில நூல் கோக்கத் தெரியுமா ஒனக்கு? எதுக்குப் பொய் சொன்ன? எங்கம்மா தச்சாங்கன்னு சொல்லியிருந்தா ஒன்ன மேல ஏற விட்டிருப்பாங்கல்ல?"

அவள் பையிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "அந்த மேடம் பயங்கரமாத் திட்டுனாங்கம்மா. நீ தச்சேன்னு சொன்னா வீடியோல ஒன்னையும் திட்டியிருப்பாங்க. ஒனக்குத் திட்டி வாங்கிப் பழக்கமில்ல. எனக்குப் பழக்கந்தானே."

கோபமாகத்தான் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்று அவள் பட்டியலைக் காட்டிக் கேட்டதும், நான் கத்தியதும், 'சரிம்மா' என்று அவள் மடித்து வைத்ததும் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்துதான் அந்த லெக்கின்ஸைப் போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபத்தை இதுவரைக்கும் யார் மேலும் நான் பட்டதில்லை.

அடுத்த நாளே பெரம்பலூர் போனேன். கடையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். "அன்னிக்கு இந்தக் கடையில வந்து கத்தினது நாந்தான். இவர் குடுத்த சாமான் சுத்தமான சாமான். நான் லைனிங் வெச்சுக் கெடுத்தேன். தப்பு முழுக்க என்னுது" என்று என் வழக்கமான சத்தத்திலேயே சொன்னேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "விடுங்கக்கா, விடுங்க, மெதுவா" என்று கையை ஆட்டினார். ஒரு அட்டையும் மார்க்கரும் கேட்டு வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'பெண்கள் கவனத்துக்கு: கம்பளி லெக்கின்ஸ் நேராகத் தோலின் மேல் அணிய வேண்டும். உள்ளே வேறு துணி கூடாது. லைனிங் கொடுக்கவே கூடாது. இப்படிக்கு ஒரு டைலர்.' இனி அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செரும வேண்டியதில்லை. அந்த அட்டை இன்னும் அங்கே இருக்கிறது.

முகாமுக்கும் ஒரு கடிதம் எழுதினேன், தைத்தது நான், என் மகள் அல்ல என்று. மகள்தான் ஆங்கிலத்தில் எழுதினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. பதில் வரவில்லை. ஆனால் இந்த வருடம் அவள் மறுபடியும் விண்ணப்பித்தாள், எடுத்துக்கொண்டார்கள். மறுபடி லெக்கின்ஸ், மறுபடி அதே கடை. இந்தத் தடவை சின்ன அளவுதான். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் குறுக்கே பாய்வேன் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த கத்தரியை மேசைமேல் வைத்தேன்.

"இடுப்பு எலாஸ்டிக் மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு. பிடிச்சுத் தச்சுக் குடுக்குறியா?" என்றாள்.

போன வாரம் அரியலூர் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். கோபம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, இனிமேல் போகவும் போகாது. ஆனால் எதிரே நிற்கிறவர் சொல்ல வந்ததைக் கடைசி வார்த்தை வரைக்கும் சொல்ல விட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் கோபப்படுகிறேன்.